பந்துக்காரர் என்னைப் பார்த்த கதை

என் வீட்டுக்காரர் பந்துக்காரர். மாத்தளைக்கு மேலே எல்கடுவப் பக்கத்துத் தேயிலை மலைத் தோட்டங்களில் எங்கள் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் தெரியும். எத்தனை கோல் போட்டார் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணுகிற அளவில் இருந்திருந்தால் எண்ணியிருப்பார்கள் என்று நான் சொல்வேன். அவர் பெயரை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை, இங்கே எழுதவும் போவதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். பிழைகளைப் பேத்தி திருத்துவாள். எழுத்தைத்தான் திருத்த வேண்டும், சொல்வதைத் திருத்தக் கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இது அவர் கதைதான். ஆனால் அவர் கதைக்குள் என் கதை ஒன்று இருந்தது. அதை நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில் சொன்னேன், காது குத்தில் சொன்னேன், மாத்தளை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த முன்பின் தெரியாத பெண்ணிடமும் சொன்னேன். அவர் அப்போது எங்கள் தோட்டத்து ஆள் இல்லை. ஓயா ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். பந்து விளையாட இங்கே வந்தவர், விளையாட்டுக்கு நடுவே தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார். மலையில் நாங்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். நான் சிவப்புத் துணியில் முக்காடு போட்டிருந்தேன். விளையாட்டு முடிந்ததும், "யாரு அந்த செவப்பு முக்காடு?" என்று கேட்டாராம். அப்புறம் ஆள் அனுப்பிக் கேட்டு, தன் தோட்டத்தையே விட்டுவிட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்து என்னைக் கட்டினார். இதுதான் கதை. என் அம்மா எனக்குச் சொன்னது.

எங்கள் காலத்தில் லயத்து வரிசை வீட்டுப் பெண்களை யார் பார்த்துக் கேட்டார்கள்? கங்காணி வந்து அப்பனிடம் பேசுவார், அப்பன் தலையாட்டுவான், அவ்வளவுதான். ஆகையால் என் கதைக்கு எங்கள் லயத்தில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையில்தான் நான் நிமிர்ந்து நடந்தேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அரிசி இல்லாத நாளிலும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

அவர் விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டக்காரர் இல்லை. கட்டையான ஆள், கழுத்து தடிப்பு, காலில் சப்பாத்து கிடையாது. மற்றவர்கள் நாய் மாதிரி பந்தின் பின்னால் ஓடும்போது, இவர் வேற்று ஊருக்குப் பஸ் பார்த்து நிற்கிறவர் மாதிரி ஓரமாக நிற்பார். மலையிலிருந்து பார்த்தால் ஆட்கள் எறும்பு மாதிரிதான் தெரிவார்கள். ஆனால் நிற்கிற எறும்பு எதுவோ அது அவர் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் நாட்களில்தான் விளையாட்டும் நடக்கும். கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார் என்பதால் நான் தலையைத் தூக்க மாட்டேன். பக்கத்து நிரையில் இருப்பவள் சொல்வாள்:

"அடியே, ஒன் ஆளு நின்னுக்கிட்டே தூங்குறாரு!"

"தூங்கட்டும். நீ ஒன் கொழுந்தப் பாரு."

அவள் திரும்பி இரண்டு கை கொழுந்து கூடையில் போட்டிருக்க மாட்டாள், கீழே இருந்து ஒரு சத்தம் எழும்பும். அடித்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. பந்து எங்கே வரப்போகிறது என்பது பந்துக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும் என்று மாத்தளை டவுனில் ஒரு முதலாளி சொல்வாராம். முஸ்லிம் ஆள், கராம்பும் மிளகும் வாங்கி விற்கிறவர், டவுன் ஆட்டக்காரர்களுக்குப் பெரிய கை. பெரிய விளையாட்டு என்றால் அவருடைய லொறி தோட்டத்துப் பாதையில் ஏறி வந்துவிடும். லொறியில் போய் டவுன் ஆட்களுக்காக விளையாடி, கோல் போட்டு, புரியாணி சாப்பிட்டுவிட்டு, உடம்பெல்லாம் கராம்பு வாசத்தோடு திரும்பி வருவார். நான் அந்தச் சட்டையை உடனே தோய்க்க மாட்டேன்.

அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. அதற்கு ஒரு வாய் இருக்கும், வாயைத் தோல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழையில் நனைந்தால் கல்லு மாதிரி கனக்கும். தலையால் அடிக்கும்போது அந்தக் கயிறு நெற்றியில் பட்டால் கிழித்துவிடும். அவர் நெற்றியில் இன்றைக்கும் ஒரு கோடு இருக்கிறது. திருநீறு பூசினாலும் தெரியும். மழை நாளில் கிரவுண்டில் அட்டை நிறைய. காலில் சவுக்காரம் பூசிக்கொண்டு இறங்குவார்கள், ஓடுகிற ஓட்டத்தில் அது கழுவிக்கொண்டு போய்விடும். வீட்டுக்கு வரும்போது முழங்காலுக்குக் கீழே இரத்தம் கோடு கோடாக வழிந்திருக்கும், அட்டை குடித்துப் பெருத்துத் தொங்கும். நான் உப்பு வைத்து எடுப்பேன். "எத்தன போட்டீங்க?" என்று கேட்பேன். "போட்டேன்" என்பார். 

கப்பு எங்கள் கைக்கு வந்ததே இல்லை. ஜெயித்த அன்றைக்கு ஆளுக்கு ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் அது துரை பங்களாவுக்குப் போய்விடும். அங்கே துரைசாணி அதில் பூ வைத்தாள் என்று பங்களா சமையற்காரர் சொன்னார். ஆட்டக்காரர்களுக்கு ஒரு ஆடு வெட்டிக் கொடுத்தார்கள். எங்களுக்குத் தேயிலை ஆலையான இஸ்டோரு பக்கத்துக் கடைசிக் காம்பரா கிடைத்தது, இவருக்கு இஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை கிடைத்தது. வடிகான் வெட்டுகிற வேலை இல்லை, மலை ஏறுகிற வேலை இல்லை. என் அப்பாவுக்குத் தோட்டத்தில் இருந்த மதிப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு தடவை டவுன் விளையாட்டில் இவரைப் பார்த்துவிட்டு ஒருவர் கொழும்புக்கு வரச் சொன்னார். மாத்தளையில் ரயில் ஏற்றி அனுப்பினோம். அங்கேயும் போய்க் கோல் போட்டாராம். அப்புறம் எந்த நாட்டு ஆள் என்று கேட்டிருக்கிறார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு அப்போது நாடு என்று ஒன்று கிடையாது. இந்தியாவும் எங்களை எழுதிக்கொள்ளவில்லை, இலங்கையும் எழுதிக்கொள்ளவில்லை. ஒரு பை தோடம்பழத்தோடு திரும்பி வந்தார். கொழும்புத் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் லயத்தில் சொன்னேன். உரித்து ஆளுக்கு ஒரு சுளை கொடுத்தேன்.

அப்புறம் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது. பஞ்சம் வந்தது. இந்தியாவுக்குப் போவதாக எழுதிக்கொடுத்தவர்கள் கப்பல் ஏறினார்கள். கோல் காத்தவன் போனான், இடப்பக்கம் ஓடுகிறவன் போனான், அவன் தம்பியும் போனான். கடைசியில் கோல் காக்க ஆளில்லாமல் இவரே கோலில் போய் நின்றார். முழங்காலும் போயிருந்தது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு, "போதும் புள்ள" என்றார். அதோடு சரி. அவருடைய பந்தைப் பற்றி அப்புறம் பேசியதெல்லாம் நான்தான்.

இந்தத் தீபாவளிக்குக் கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் லீவில் வந்திருந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருக்காமல் பந்து விளையாட்டு வைத்தார்கள். பழைய ஆட்டக்காரரைக் கௌரவிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. நான்தான் சரி என்றேன். வேட்டியை நானே கஞ்சி போட்டு மடித்தேன்.

கிரவுண்டுக்கு மேலே பாதையோரம் ஒரு வரம்பு இருக்கிறது. அதில்தான் மேடை கட்டியிருந்தார்கள். அந்த வரம்பைத் தாண்டி நான் ஒரு நாளும் கிரவுண்டுக்குள் இறங்கியதில்லை. எங்கள் காலத்தில் பொம்பளைகள் யாரும் இறங்கமாட்டோம். மூலையில் முனியாண்டிக் கல் இருக்கிறது. விளையாட்டுக்கு முன்னால் பந்தை அந்தக் கல்லின் காலடியில் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி நாலு பக்கமும் வீசுவார்கள். அதற்குப் பிறகு பெண் காலடி பட்டால் பந்து திரும்பிவிடும் என்று சொல்வார்கள். பார்க்கிற பெண்கள் வரம்பில், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். இப்போது அதெல்லாம் இல்லை. அன்றைக்குப் பெண் பிள்ளைகளே இரண்டு பக்கமாகப் பிரிந்து விளையாடினார்கள். ஒருத்தி போட்ட கோலைப் பார்த்து இவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

நான் முன்வரிசையில் இருந்தேன். மருமகள் பக்கத்தில். மேடையில் இவரும், இவரோடு விளையாடிய கெப்டனும். அவரும் கிழவர்தான். மாத்தளை டவுனில் மகள் வீட்டில் இருக்கிறார், திரீவீலரில் கூட்டிவந்திருந்தார்கள். சின்ன வயதிலேயே வாய்க்காரர். மைக்கைப் பிடித்தால் விட மாட்டார்.

"டேய் தம்பிமாரே, இந்த மனுசன நாங்க எப்புடி இந்த தோட்டத்துக்கு கொண்டாந்தோம்னு தெரியுமாடா? கேட்டா சிரிப்பீங்க" என்று ஆரம்பித்தார். நான் என் கதை வரப்போகிறது என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பழைய தொரைக்கு கப்புப் பைத்தியம். ஓயாவுக்கு அந்தப் பக்கத்தான் வருசா வருசம் நம்மள போட்டு சாத்துறான். சாத்துறது யாரு? இந்தா, இவன்தான்! தொரை பெரிய கங்காணிய கூப்ட்டு, அந்த பையன் எனக்கு வேணும்னுட்டாரு. எப்புடி எடுக்கிறது? ஒரு தொரை தோட்டத்து ஆள இன்னொரு தொரை இழுக்க மாட்டாரு, அது அவங்களுக்குள்ள பேச்சு. நம்ம கங்காணி லேசுப்பட்ட ஆளா? 'தொரைகளே, கல்யாணம் கட்டி பொண்டாட்டி தோட்டத்துக்கு வந்தா யாரு கேப்பாங்க?'ன்னான்."

பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"அப்புறம் என்ன? பொண்ணு தேடுனோம். நானும் கங்காணியும் லயம் லயமா ஏறி எறங்குனோம். மேல் லயத்துல ஒரு பொண்ணு. அப்பன்காரன் சொல்லிட்டான், கால் ஒடையிற பயலுக்கு குடுக்க மாட்டேன்னு. நடு லயத்துல ஒண்ணு. ஆளு கட்டையா இருக்கான்னு அது அழுதுருச்சி. மூணாவதாத்தான் நம்ம தங்கச்சி. இந்தா, முன்னுக்கு ஒக்காந்திருக்கு பாருங்க. டேய், நாங்க மொத மொதல்ல எடுத்த கப்பு தங்கச்சிதாண்டா!"

கூட்டம் சிரித்த சிரிப்பு எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. மேடையில் என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தார். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

நானும் சிரித்திருக்க வேண்டும். சிரித்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். என் முகம் அதற்கு வளையவில்லை. மருமகள் என் பக்கம் திரும்பவே இல்லை, கிரவுண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கதையை அவள் கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து கேட்டு வருகிறவள். பிறகு மாலை போட என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் படி ஏறும்போது பின்வரிசைப் பயல்கள், "கப்பு! கப்பு!" என்று கத்தினார்கள். கெட்ட எண்ணம் இல்லை, குதூகலம்தான். மாலையைப் போட்டேன். முதலில் அது அவர் காதில் மாட்டிக்கொண்டது. வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த நாள் மருமகளோடு பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

"என்ன பாட்டி, கப்புக்கு பொலிஷ் போட்டாச்சா?" என்றாள் ஒருத்தி.

மருமகள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒனக்கு வேற வேல இல்லியா? ஒன்னய கட்டுனவன் எத பாத்து கட்டுனான்னு சொல்லவா?" என்றாள். கேட்டவள் பாதி நிறைந்த குடத்தோடு போய்விட்டாள். எனக்காக இன்னொருத்தி சண்டை பிடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று இருந்தது. என் சண்டையை நான்தான் போடுவேன், எப்போதும்.

கங்காணி பேசி வைத்த கல்யாணம் என்றால் அதில் ஒரு கேவலமும் இல்லை. ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான். மூன்றாவதாகப் பார்த்தார்கள் என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நான் மற்றவர்கள் மாதிரி இல்லை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஆள். என் தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது அவளிடமும் இதைத்தான் சொன்னேன், என்னவோ ஆறுதல் சொல்கிற மாதிரி. இனி நான் எதைச் சொல்லிக்கொண்டு இந்த லயத்தில் நடப்பேன்? கெப்டன் சொன்னது வாய்க்காரர் பேச்சு, கூட்டத்துக்காகக் கூட்டிச் சொன்னது என்று ஒரு நினைப்பு இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஆள்தான் பாக்கி. அவரைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பது லேசில்லை. அவருக்குக் கத்திச் சொன்னால்தான் விளங்கும். லயத்துக் காம்பராச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தக் காம்பராவில் கத்தினால் மறுகோடிக் காம்பரா வரை கேட்கும். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் மழை விட்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன். நான் என்ன செய்யப் போகிறேன் என்று மருமகளுக்கு எப்படித் தெரிந்ததோ, குசினி அடுப்படியிலிருந்து வந்து டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனாள். 

"கப்புக்காகத்தான் என்னக் கட்டுனீங்களாமே!" என்று அவர் காதுக்குள் கத்தினேன்.

"யாரு சொன்னா?"

"மேடையில ஒங்க கெப்டன் சொன்னாரு. அதுக்கு நீங்களும் சேந்து சிரிச்சீங்க."

எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தார். "கப்பு தொரைக்கு. எனக்கெதுக்கு புள்ள கப்பு?"

எனக்கு உயிர் வந்தது. "அப்ப எதுக்கு வந்தீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல யோசிக்கிறவர் இல்லை, ஞாபகத்தைத் தேடி யோசிக்கிறவர்.

"கிரவுண்டுக்கு."

"என்னது?"

"எங்க தோட்டத்து கிரவுண்டு சரிவு. மேல் கோலுக்கு அடிச்சா பந்து உருண்டு நம்மகிட்டயே வந்துரும். கீழ் கோலுக்கு அடிச்சா ஓயாவுக்குள்ள போயிரும். நாந்தான் எறங்கி எடுக்கணும். இங்க வெளையாட வந்தப்ப பாத்தேன் புள்ள, வெச்ச பந்து வெச்ச எடத்துல நின்னுச்சி. காத்துக்குக்கூட அசையல. கங்காணி வந்து, இங்கயே வந்துருன்னு சொன்னாரு. யாரு, என்னன்னு நான் கேக்கவே இல்ல. சரின்னுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த இருப்பை எனக்கு எழுதத் தெரியாது. என் கல்யாணத்தன்று அந்த மாதிரி ஒரு முகத்தைத் தேடினேன். வெட்கத்தில் குனிந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப செவப்பு முக்காடு?"

"எந்த முக்காடு?"

"நீங்க கேட்டீங்கன்னு எங்கம்மா சொன்னாங்களே! இத்தன வருசமா நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரியிறேன். பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரு நாளாவது இல்லன்னு சொன்னீங்களா?"

"ஒங்கம்மா சொன்னது. அவங்க வீட்டுல ஒக்காந்து, அவங்க கையால சாப்புட்டுக்கிட்டு, மாமியார பொய்யிங்கலாமா?"

"எங்கம்மா செத்து எவ்வளவு காலமாச்சி!"

"செத்தவங்கள மட்டும் பொய்யாக்கலாமா?"

பக்கத்துக் காம்பராவில் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. டிவி சத்தம் போதவில்லை. போகட்டும், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று இன்னும் உரக்கக் கேட்டேன்.

"கேக்க வேணாம், ஆள் அனுப்ப வேணாம். மலையில நின்ன என்ன நீங்க பாத்தீங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"பந்தப் பாக்குறதா, மலையப் பாக்குறதா?" என்றார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. கொஞ்சம் தணிந்து, "அங்க இருந்து என்ன புள்ள தெரியும்? வேணும்னா நீயே போயி நின்னு பாரு" என்றார். திரும்பவும் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார்.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை ஏமாற்றி அவருக்கு ஒரு லாபமும் இல்லை. அவர் ஒரு நல்ல நிலத்தைப் பார்த்தார், வந்தார். அந்த நிலத்தில் பேர் எடுத்தார். என்னோடு ஒழுங்காக வாழ்ந்தார், கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. பொய் முழுக்க எங்கள் அம்மாவுடையது. மற்ற இரண்டு வீட்டிலும் மாட்டோம் என்று சொன்ன பிறகு, மூன்றாவது வீட்டில் இருந்த தாய் என்ன செய்வாள்? மகள் சிரித்த முகத்தோடு மணவறையில் உட்கார வேண்டுமே என்று ஒரு கதை கட்டினாள். அம்மா சொன்ன இடத்தில் நான் அதை நிறுத்தியிருக்கலாம். சிவப்பு முக்காட்டைக் கேட்டு ஆள் அனுப்பினார் என்று மட்டும்தான் அவள் சொன்னாள். அவர் தலையைத் தூக்கியதும், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியதும், பந்து காலடியில் வந்தும் அடிக்காமல் நின்றதும் நான் சேர்த்தவை. சொல்லச் சொல்ல எனக்கே நினைவிருப்பது போல ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் சேலையை மாற்றினேன். "கிரவுண்டுக்கு போயிட்டு வாறேன்" என்றேன். "தனியாவா? கால் வழுக்கும், நானும் வாறேன் மாமி" என்று மருமகள் கூடவே வந்தாள்.

சக்களத்தி வீட்டுக்குப் போகிறவள் மாதிரித்தான் போனேன். வரம்பில் கொஞ்ச நேரம் நின்றேன். முனியாண்டிக் கல்லில் தீபாவளிக்கு வைத்த பழம் காய்ந்து கிடந்தது. கும்பிட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலை உள்ளே வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. புல் ஈரமாக இருந்தது.

நடந்தேன். மலைக்காட்டில் நடந்து பழகிய காலுக்கு ஒரு கால் எப்போதும் மேலே, ஒரு கால் எப்போதும் கீழேதான். இங்கே இரண்டு காலும் ஒரே உயரத்தில் விழுந்தது. எனக்கு நடக்கவே வரவில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கியவள் மாதிரித் தடுமாறினேன். அவர் சொன்னது சரிதான். நல்ல நிலம். எந்தப் பெண்ணையும் விட்டுவிட்டு அதற்காக வரலாம் போலத்தான் இருந்தது.

கோலுக்குப் பக்கம், அவர் எப்போதும் நிற்கிற இடம் எதுவென்று எனக்கு மலையிலிருந்து பார்த்துப் பழக்கம். அங்கே போய் நின்றுகொண்டு, திரும்பி, மலையைப் பார்த்தேன்.

அன்றைக்கு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சைக்குள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. கல்லா, ஆளா என்று அசைந்தால்தான் தெரியும். இடுப்பு வரை தேயிலை மறைத்தது, மிச்சத்தை வெயில் மறைத்தது. முக்காடு எது, கூடை எது, நிறம் எது, ஒன்றும் பிரியவில்லை. என் கண் மங்கல் என்று நினைத்து மருமகளைக் கேட்டேன்.

"நம்ம பக்கத்து காம்பரா பொண்ணு அந்த மலையிலதானே இன்னைக்கி? எது அவ?"

அவள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "தெரியல மாமி. இங்க இருந்து யாருக்கு தெரியும்?"

யாருக்குத் தெரியும். இந்த மலையில் பிறந்தவள், எத்தனையோ மலையைக் கீழே இருந்து பார்த்தவள், அதை இதோடு சேர்த்து ஒரு நாளும் நினைக்கவில்லை. எனக்கு அவரைத் தெரிந்தது, அதனால் அவருக்கும் என்னைத் தெரியும் என்று இருந்துவிட்டேன். ஆனால் இந்த இடத்தில் நின்று விளையாடிய ஒவ்வொருவனுக்கும் இது தெரிந்திருக்கிறது. கெப்டனுக்குத் தெரியும். கோல் காத்தவனுக்குத் தெரியும். இடப்பக்கம் ஓடியவன் கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் எங்கள் காம்பராவில் சாப்பிட்டான், அன்றைக்கும் இதைச் சொன்னேன். "ஆமாக்கா, எங்களுக்கு தெரியாதா" என்றான். எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை சாவு வீட்டில், எத்தனை ஆண்கள் வெற்றிலையை மென்றுகொண்டு நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள்! ஒருவன் சிரித்ததில்லை. ஒருவன் மறுத்ததில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் சிரித்திருப்பார்கள். சிரிக்காமல் பாவம் என்று நினைத்திருந்தால் அது அதைவிட மோசம். மேடையில் கெப்டன் சொன்னது எங்கள் காலத்து ஆட்களில் எனக்கு மட்டும்தான் புதிது.

"போவோமா மாமி? வெயில் ஏறுது" என்றாள் மருமகள்.

வரம்பில் ஏறும் இடம் சறுக்கலாக இருந்தது. அவள் மேலே ஏறி நின்றுகொண்டு கையை நீட்டினாள். வேண்டாம் என்று புல்லைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து ஏறினேன். கை வேண்டியிருந்தது. பிடித்தால் நேராக என் முகத்தைப் பார்ப்பாளே என்றுதான்.